பழைய 700ஆர்4 கியர்பாக்ஸில் லாக்கப் கோளாறு: கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடலில் கொண்டுவந்த 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸ், கார்வெட், கமாரோ, கேப்ரிஸ், சபர்பன், எஸ்-10, பிக்கப் என்று ஏராளமான வண்டிகளில் வந்தது. 1990இல் பெயர் மட்டும் 4எல்60 ஆனது. முழுக்க எலக்ட்ரானிக்கான 4எல்60-ஈ 1993 முதல் வரத் தொடங்கியது. அது வேறு பாக்ஸ். இந்தக் கட்டுரை கம்ப்யூட்டரும் பியூயல் இன்ஜெக்‌ஷனும் உள்ள வண்டியில் இருக்கும் பழைய 700ஆர்4க்கு எழுதியது. இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிகள் என்பதால், கீழே ‘டிரைவர் பக்கம்’ என்று வரும் இடமெல்லாம் இடது பக்கம்.

இந்த பாக்ஸில் லாக்கப், அதாவது டார்க் கன்வர்ட்டரைப் பூட்டும் கிளட்ச், வேலை செய்யவில்லை என்றதும் “கன்வர்ட்டர் போயிருச்சு, பாக்ஸை இறக்கணும்” என்று சொல்லிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அது தவறு. லாக்கப்பை இயக்கும் மின்சாரம் ஃப்யூஸில் தொடங்கி, பிரேக் சுவிட்ச் வழியாக பாக்ஸுக்குள் போய், சொலினாய்டு என்ற மின்சார வால்வைக் கடந்து, கம்ப்யூட்டரில் எர்த் ஆகிறது. இந்தப் பாதையில் எங்கே அறுந்தாலும் அறிகுறி ஒன்றுதான். பாதையின் பெரும்பகுதி பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது. ஒரு மல்டிமீட்டரும் ஒரு மணி நேரமும் இருந்தால் அதை முழுக்கப் பார்த்துவிடலாம்.

முதலில் லாக்கப் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். டார்க் கன்வர்ட்டரில் இன்ஜின் பக்கமும் கியர் பக்கமும் ஆயில் வழியாகத்தான் இணைகின்றன, எனவே எப்போதும் கொஞ்சம் வழுக்கல் உண்டு. அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறுகிறது. நிலையான வேகத்தில் ஓடும்போது கன்வர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் தட்டு முன்மூடியோடு ஒட்டி, இரண்டையும் ஒரே துண்டாகச் சுழல வைக்கும். ஒட்டாத நேரத்தில் ஆயில், டர்பைன் ஷாஃப்ட் என்ற, கன்வர்ட்டரிலிருந்து கியர் பக்கம் போகும் தண்டின் நடுத்துளை வழியாக வந்து தட்டுக்கும் மூடிக்கும் இடையே புகுந்து தட்டைத் தள்ளி வைக்கிறது. சொலினாய்டுக்கு மின்சாரம் வந்ததும் அது ஒரு கசிவு வழியை அடைக்கிறது. அழுத்தம் ஏறி பம்பில் இருக்கும் வால்வு நகர்ந்து, ஆயில் ஓடும் திசை மாறுகிறது. பின்னாலிருந்து வரும் அழுத்தம் தட்டை மூடியில் அழுத்துகிறது. லாக்கப் இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் டிரெய்லர் இழுக்கும் வண்டியிலோ மலைச்சாலையிலோ ஆயில் வெந்துபோகும், பெட்ரோலும் கூடும். எனவே “ஓடுதே” என்று விட்டுவிடாதீர்கள்.

லாக்கப் விழுகிறதா என்று அறிய எளிய வழி இது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நான்காவது கியரில், மேடு பள்ளம் இல்லாத சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிடியுங்கள். ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தபடி, இடது காலால் பிரேக் பெடலை மிக லேசாகத் தொடுங்கள். பெடலின் ஆட்டம் மட்டும் தீர்ந்து பிரேக் விளக்கு எரிந்தால் போதும், வண்டி பிரேக் பிடிக்கக் கூடாது. லாக்கப் இருந்தால் முள் 200 முதல் 400 வரை மேலே ஏறும். காலை எடுத்ததும் சற்று நேரத்தில் பழைய இடத்துக்கு இறங்கும். முள் அசையவே இல்லை என்றால் லாக்கப் விழவில்லை. இந்த இறக்கத்தை நான்காவது கியர் விழுவதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது விகிதம் 1.00இலிருந்து 0.70 ஆகிறது, முள் அதைவிட அதிகமாக இறங்கும். பின்னால் வண்டி இல்லாத சாலையில்தான் இதைச் செய்ய வேண்டும்.

இந்தச் சோதனைக்குப் பிறகு உங்கள் கோளாறு மூன்றில் எது என்று தெரியும். லாக்கப் விழவே இல்லை. அல்லது விழுந்தது விடவில்லை, சிக்னலில் நிற்கப்போனால் இன்ஜின் உதறி அணைகிறது. அல்லது விழும்போது வண்டி அதிர்கிறது. முதலாவதுதான் அதிகம் வருவது, அதை விரிவாகப் பார்க்கலாம்.

ஆயிலிலிருந்து ஆரம்பியுங்கள். சமதளத்தில், பார்க்கில், இன்ஜின் ஓடும்போது, பாக்ஸ் சூடான நிலையில் டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் அழுத்தமும் குறையும். கூடுதலாக இருந்தாலும் கெடுதல்தான், சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். ஸ்டிக்கில் ஒரு துளியை வெள்ளைத் துணியில் விட்டு முகர்ந்து பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. பழுப்பு நிறமும் கருகிய வாடையும் இருந்தால் உள்ளே ஏதோ கிளட்ச் எரிந்திருக்கிறது. அப்போது மின்சோதனை சரியாக வந்தாலும் பாக்ஸைத் திறக்கத் தயாராகுங்கள்.

அதே சமயத்தில் டிவி கேபிளையும் பாருங்கள். இது டெலிவிஷன் இல்லை, த்ராட்டிலிலிருந்து (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மடல்) பாக்ஸுக்குப் போகும் கேபிள். ஆக்சிலரேட்டர் அழுத்தத்துக்கு ஏற்ப பாக்ஸின் ஆயில் அழுத்தத்தை உயர்த்துவது இதுதான். இது தளர்ந்திருந்தால் எல்லா கிளட்ச்சும் வழுக்கி, 700ஆர்4 மிகக் குறைந்த தூரத்திலேயே எரிந்துபோகும். சரிசெய்வது எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு, கேபிள் முனையில் உள்ள பூட்டுப் பொத்தானை அழுத்தி, சிலைடரை த்ராட்டிலுக்கு எதிர்த்திசையில் முழுக்கத் தள்ளிவிட்டு, பொத்தானை விடுங்கள். பிறகு த்ராட்டில் நெம்புகோலைக் கையால் கடைசி வரை திறங்கள். சிலைடர் கட்டக் கட்டக் என்று தானாக நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும். கார்புரேட்டரோ இன்டேக்கோ மாற்றிய வண்டிகளில் நெம்புகோலின் அளவே பொருந்தாமல் இருக்கும், அங்கே சரியான பிராக்கெட் போடாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

அடுத்து மின்பாதை. ஃப்யூஸைப் பாருங்கள். பல மாடல்களில் டேஷ்போர்டு கேஜ்களுக்கான ஃப்யூஸே லாக்கப்புக்கும் மின்சாரம் தருகிறது. அதன் பிறகு பிரேக் பெடல் சுவிட்ச். புதியவர்கள் தவறவிடும் இடம் இது. பிரேக் விளக்கு எரிகிறது, ஆகவே சுவிட்ச் நல்லது என்று நினைத்துவிடுவார்கள். விளக்குக்கான முனை பெடலை மிதித்தால் மூடுவது. லாக்கப்புக்கான முனை நேரெதிர், மிதிக்காதபோது மூடியிருந்து மிதித்ததும் திறக்கும். சுவிட்ச் சற்று விலகி நின்றால் விளக்கு ஒழுங்காக எரியும், லாக்கப்புக்கு மட்டும் மின்சாரம் போகாது.

இதை பாக்ஸின் கனெக்டரிலேயே அளக்கலாம். பாக்ஸின் டிரைவர் பக்கத்தில், பேனுக்கு (பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் தட்டு) மேலே, நான்கு முனை கொண்ட பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் ஜாக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போக வேண்டாம். கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்தில் ஏ என்று எழுதிய முனையை மீட்டரில் பிடியுங்கள். சாவி ஆனில் இருந்தால் 12 வோல்ட் காட்ட வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். மிதிக்காதபோதே வோல்ட் இல்லை என்றால் பிரேக் சுவிட்சை முன்னுக்குத் தள்ளிச் சரிசெய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாற்றுங்கள், விலை குறைவு. கனெக்டரைக் கழற்றியபோதே பின்களையும் பாருங்கள். பச்சைப் பூஞ்சாணம், ஆயில் ஊறல், வளைந்த பின், இவற்றில் ஒன்று இருந்தாலே கோளாறு கிடைத்தது போல.

அடுத்து பாக்ஸ் பக்கத்து முனைகளில் ஏக்கும் டிக்கும் இடையே ஓம் அளக்க வேண்டும். சொலினாய்டு 20 ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் அது கரன்டை அதிகம் இழுத்து, கம்ப்யூட்டரின் உள்ளே சொலினாய்டை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டை எரித்துவிடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு அதுவும் எரிந்ததென்றால் காரணம் இங்கேதான். முடிவில்லாத ஓம் காட்டினால் சொலினாய்டு அறுந்திருக்கலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். சில ஆண்டு மாடல்களில் பாக்ஸுக்குள் ஒரு பிரஷர் சுவிட்ச் இந்தப் பாதையில் தொடராக இருக்கும், அது இன்ஜின் ஓடாதபோது திறந்தே காட்டும். பி, சி முனைகளின் வேலையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். குளிர்ந்த நிலையில் நல்ல ஓம் காட்டி, சூட்டில் அறுந்துபோகும் சொலினாய்டுகள் உண்டு. ஆகவே நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உடனே ஒரு முறை அளந்து பாருங்கள். சைலன்ஸர் கொதிக்கும், கையுறை போடுங்கள்.

பாக்ஸுக்குக் கீழே போகாமலே பெரும்பாதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டேஷ்போர்டின் அடியில், ஸ்டியரிங்குக்கு அருகே, 12 முனை சோதனை கனெக்டர் இருக்கும். அதை நேருக்கு நேர் பார்த்தால் மேல் வரிசையின் வலக்கோடி ஏ, அது எர்த். மேல் வரிசையின் இடக்கோடி எஃப், அது லாக்கப் ஒயர், அதாவது சொலினாய்டைக் கடந்து கம்ப்யூட்டருக்குப் போகும் அதே டி ஒயரின் கிளை. சில வண்டிகளில் எஃப் துளையில் ஒயரே இருக்காது. அப்போது பாக்ஸ் கனெக்டரின் டி ஒயரிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் கறுப்பு முனையை ஏயிலும் சிவப்பு முனையை எஃபிலும் வையுங்கள். எல்ஈடி டெஸ்ட் லைட்டும் போதும். பழைய கண்ணாடி பல்பு உள்ள டெஸ்ட் லைட் இங்கே வேண்டாம். அது இழுக்கும் கரன்ட் சொலினாய்டு வழியாக ஓடி, அதையே பாதி இயக்கிவிடும். சாவியை ஆன் செய்யுங்கள், இன்ஜினை ஓட்ட வேண்டாம். 12 வோல்ட் வந்தால் ஃப்யூஸ், பிரேக் சுவிட்ச், கனெக்டர், சொலினாய்டு, ஒயர் எல்லாம் தொடர்ச்சியாக இருக்கின்றன என்று ஒரே அளவில் தெரிந்துவிடும். பிரேக்கை மிதித்தால் மறைய வேண்டும். பிறகு ஒரு ஒயர் துண்டால் ஏயையும் எஃபையும் இணைத்து எடுங்கள். வண்டிக்கு அடியில் காதை வைத்திருப்பவருக்கு ‘டிக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும், அது சொலினாய்டு இழுக்கும் சத்தம்.

இணைக்கும்போது பக்கத்து பி துளையில் தவறிப் போட்டுவிட்டால் பயப்பட வேண்டாம். செக் இன்ஜின் விளக்கு கோளாறு எண்களை மின்னிக் காட்டத் தொடங்கும், அவ்வளவுதான். உண்மையில் அதையும் ஒரு முறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். முதலில் 12 என்று மூன்று முறை மின்னும், அது சோதனை தொடங்கியதற்கான அடையாளம். அதன்பின் வேக சென்சாருக்கு 24, த்ராட்டில் சென்சாருக்கு 21 அல்லது 22, இன்ஜின் சூட்டு சென்சாருக்கு 14 அல்லது 15. இந்த மூன்றும்தான் லாக்கப்பைத் தடுக்கும் முக்கியமான சென்சார்கள்.

சாலையில் இரண்டு பேர் போங்கள், ஒருவர் ஓட்ட, மற்றவர் மீட்டரைப் பார்க்க. நான்காவது கியரில் வேகம் நிலைத்ததும், கம்ப்யூட்டர் லாக்கப் போடச் சொன்னால் 12 வோல்ட் சட்டென்று பூஜ்யத்துக்கு அருகே விழும். அந்த நொடியில் ஆர்பிஎம்மும் இறங்கினால் எல்லாம் சரி. வோல்ட் விழுந்தும் ஆர்பிஎம் இறங்காவிட்டால் கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு பாக்ஸுக்குள். சொலினாய்டு அடைத்திருக்கலாம், அதன் ஓ-ரிங் தேய்ந்திருக்கலாம், பம்பில் வால்வு சிக்கியிருக்கலாம், டர்பைன் ஷாஃப்ட் நுனியில் உள்ள ஓ-ரிங் கிழிந்திருக்கலாம். வோல்ட் விழவே இல்லை என்றால் ஏயையும் எஃபையும் அதே வேகத்தில் கையால் இணைத்துப் பாருங்கள். ஆர்பிஎம் இறங்கினால் பாக்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது, கம்ப்யூட்டர்தான் அனுமதி தரவில்லை. வண்டி நிற்கும் முன் ஒயரை எடுத்துவிடுங்கள். இந்த ஒரு சோதனை பாக்ஸை இறக்கும் செலவைத் தடுக்கும், அதனால் மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

கம்ப்யூட்டர் ஏன் அனுமதி தராது? முதல் சந்தேகம் இன்ஜின் சூடு. கூலன்ட் சுமார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டாதவரை லாக்கப் வராது. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்தாலோ, ‘இன்ஜின் குளிர்ச்சியாக ஓடட்டும்’ என்று யாராவது குறைந்த சூட்டுத் தெர்மோஸ்டாட் போட்டிருந்தாலோ, குளிர்காலத்தில் லாக்கப் காணாமல் போகும், கோடையில் தானாக வரும். சென்சாரை ஓமில் அளந்தால் 20 டிகிரியில் சுமார் 3,400 முதல் 3,500 வரையும், 100 டிகிரியில் சுமார் 180ம் காட்ட வேண்டும். இரண்டாவது, வேகம். ஸ்பீடோமீட்டர் கேபிள் உள்ள வண்டிகளில் வேகத்தை எண்ணும் சென்சார் டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. கேபிள் அறுந்தால் லாக்கப்பும் போகும். முள் நடுங்கினால் லாக்கப்பும் விழுவதும் விடுவதுமாக இருக்கும். மூன்றாவது, த்ராட்டில் சென்சார். மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேல். இடையில் எங்கும் குதிக்காமல் சீராக ஏற வேண்டும். எண் காட்டும் மீட்டரைவிட முள் உள்ள பழைய மீட்டரில் குதிப்பு நன்றாகத் தெரியும். காலை அசைக்காமலே லாக்கப் மாறி மாறி வந்தால் இதில்தான் சந்தேகம் வைக்க வேண்டும்.

இனி விடாத லாக்கப். பிரேக் பிடித்து நிற்கும்போது, கிளட்ச் மிதிக்காமல் மேனுவல் வண்டியை நிறுத்தியது போல உதறி அணைந்தால், பாக்ஸின் நான்கு முனை கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் மின்சாரம்தான் பிடித்து வைத்திருக்கிறது. பிரேக் சுவிட்ச் விடாமல் ஒட்டியிருக்கும், கூடவே டி ஒயர் எங்காவது உராய்ந்து சேசிஸில் எர்த் ஆகியிருக்கும். கழற்றியும் அணைந்தால் சொலினாய்டு உள்ளே சிக்கியிருக்கிறது, அல்லது வால்வு. சூட்டில் மட்டும் வருவது சொலினாய்டின் பழைய குணம். கனெக்டரைக் கழற்றியபடியே சில நாள் ஓட்டலாம், பாக்ஸுக்கு உடனே ஆபத்தில்லை. ஆனால் நீண்ட நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம்.

அதிர்வு வேறு கதை. 60 முதல் 80 கி.மீ. வேகத்தில், லேசான ஆக்சிலரேட்டரில், கோடு போட்ட சாலையில் ஓடுவது போல ஓரிரு நொடி நடுங்கும். பிரேக்கைத் தொட்டதும் நின்றால் லாக்கப் கிளட்ச் வழுக்குகிறது என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். லாக்கப் விழுந்த நிலையில் இன்ஜினின் சின்ன மிஸ்ஃபயரும் நேராக வண்டிக்கு வந்து அப்படியே நடுங்கும், லாக்கப் விட்டதும் கன்வர்ட்டரின் ஆயில் அதை மறைத்துவிடும். ஆகவே முதலில் ஸ்பார்க் பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவை நல்லவை என்று உறுதியான பிறகே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பாட்டிலில் வரும் அதிர்வு மருந்து சில மாதம் அமைதி தரலாம். கிளட்சின் உராய்வுப் பட்டை கண்ணாடி போல மழுங்கியிருந்தால் எந்த ஆயிலும் அதை மீட்காது.

சொலினாய்டு மாற்ற பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. பேனில் 16 போல்ட், 13 மி.மீ. சாக்கெட். வடிகால் போல்ட் இல்லாத பேன் என்பதால், பின்மூலை போல்ட்டுகளை முதலில் தளர்த்தி, அந்தப் பக்கம் சாய்த்து வடியுங்கள். சுமார் 4.7 லிட்டர் வரும், மீதி கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். பேனில் உள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். விரல் நகத்தில் ஒட்டும் உலோகத் துண்டுகளோ கறுப்புச் செதில்களோ இருந்தால் சொலினாய்டோடு முடியாது. ஃபில்டரைக் கீழே இழுத்துக் கழற்றுங்கள். அதன் கழுத்துச் சீல் மேலே பம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் துளையின் சுவரைக் கீறாமல் எடுக்க வேண்டும். பழைய சீலின் மேல் புதியதைப் போட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும். சொலினாய்டு முன்பக்கம் பம்போடு இரண்டு போல்ட்டில் பிடித்திருக்கிறது. நேராக இழுத்து எடுத்து, பழைய ஓ-ரிங் துளைக்குள் தங்கவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதிய ஓ-ரிங்கில் ஆயில் தடவி, கையாலேயே உள்ளே அமர்த்திய பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். உள் ஒயரைப் பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள். தொங்கினால் பேன் நசுக்கிவிடும்.

பேன் போல்ட்டுகளை குறுக்கு மறுக்காக, சீராகக் கட்டுங்கள். 11 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் கேஸ்கெட் பிதுங்கி ஒழுகும். ஆயில் அந்தக் காலத்தில் டெக்ஸ்ரான் 2. டெக்ஸ்ரான் 3க்கான உரிமம் 2006 முடிவோடு நின்றதால் இப்போது டெக்ஸ்ரான் 6 போடலாம், முந்தையவற்றுக்குப் பதிலாகவே அது வந்தது. முதலில் நான்கரை லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஓட்டி, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரிலும் ஒரு முறை நிறுத்தி எடுத்து, சூடானதும் அளவு பார்த்து மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் லாக்கப் வழுக்கினால் கன்வர்ட்டரை மாற்றத்தான் வேண்டும். பாக்ஸ் இறங்குகிறது என்றால் டர்பைன் ஷாஃப்ட் நுனி ஓ-ரிங்கையும், பம்பில் உள்ள லாக்கப் வால்வையும் கட்டாயம் பாருங்கள். புதிய கன்வர்ட்டர் போட்டும் அதே கோளாறு திரும்புவது இந்த ஓ-ரிங்கை விட்டுவிடுவதால்தான். வாங்கும் முன் ஷாஃப்டின் பற்களை எண்ணுங்கள். 1984 வரை பெரும்பாலும் 27 பல், அதன் பிறகு 30. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கூலர் குழாய்களையும் கழுவி ஊதிவிடுங்கள், பழைய கிளட்ச் தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மாட்டும்போது கன்வர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளினால், அது படிப்படியாக இறங்கி உட்காரும். முழுக்க உட்கார்ந்ததா என்பதற்கு அளவு இதுதான்: பாக்ஸ் இன்ஜினோடு தொட்டு நிற்கும்போது, கன்வர்ட்டரின் காதுகளுக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (இன்ஜினின் பின்னால் சுழலும் தட்டு) இடையே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், கன்வர்ட்டர் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். பாக்ஸ் இன்ஜினோடு சேராமல் இடைவெளி விட்டு நின்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். ஒரு சுற்று முறுக்கினாலே பம்ப் கியர் உடையும், அது இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகுதான் தெரியும். திரும்ப வெளியே எடுத்து, மறுபடி சுழற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.